மஞ்சள் நீர் கால்வாயில் உப்பை யார் அளப்பது?



காஞ்சிபுரத்துப் புத்தேரியில் தொடங்கி, ஊருக்கு நடுவே ஓடி, நத்தப்பேட்டை ஏரியில் போய் விழுகிறது எங்கள் மஞ்சள் நீர் கால்வாய். காலையில் அரக்காக ஓடும், மதியம் கிளிப்பச்சை, சாயங்காலம் எல்லாம் கலந்து கருப்பு. மழைநீர் போகவேண்டிய வழியில் வீட்டுக் கழிவும் சாயத் தண்ணீரும் ஒன்றாகப் போகின்றன. தூர்வாருவோம், கரை கட்டுவோம், சுத்திகரிப்பு நிலையம் அமைப்போம் என்ற பேச்சுக்குக் குறைவில்லை. அந்தத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

சாயம் போடுமுன் ஒரு கிலோ கோரா (கச்சா) பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டு அவித்தால் 200 முதல் 250 கிராம் வரை பசையாகக் கரைந்து சாக்கடைக்குப் போய்விடும். பசையால் பெரிய தொல்லையில்லை, அது நுண்ணுயிரிகளுக்குத் தீனி. கூடவே போகும் சோடாவும், சாயம் சீராகப் பிடிக்கச் சேர்க்கும் சல்பேட் உப்பும்தான் வில்லங்கம். தின்று தீர்க்க அவற்றில் எதுவும் இல்லை.

காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகளை வைத்துக் கழிவைச் செரிக்கவிட்டு, சவ்வு வழியாகத் தண்ணீரை வடித்தெடுக்கும் உலைகளைப் பற்றி இப்போது நிறையப் படிக்கிறோம். நல்ல தொழில்நுட்பம்தான். காற்று ஊதும் மின்செலவு மிச்சம், எரிக்க மீத்தேனும் கிடைக்கும். ஆனால் உப்பு கூடினால் மீத்தேன் தரும் உயிரிகள் சோர்ந்துபோகும், சவ்வு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். சல்பேட் அதிகமானால் எரிவாயுவோடு அழுகிய முட்டை நாற்றமும் சேர்ந்து வரும். மெல்ல மெல்லப் பழக்கினால் உப்பைத் தாங்கும் உயிரிகள் உண்டு. எங்கள் ஊரிலோ சாயத்தொட்டியைக் கவிழ்க்கும் நேரத்தில் உப்பு மொத்தமாக வரும், மறுநாள் ஒன்றுமே இராது. இதற்கு எந்த உயிரி பழகும்? அப்படியே பழகினாலும் கரைந்த உப்பு அந்தச் சவ்வில் நிற்காது, வயலுக்குத்தான் போகும். அதைப் பிடிக்க ஆர்.ஓ. (எதிர் சவ்வூடுபரவல்) வேண்டும், அதன் செலவே வேறு.

உப்பைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் சாட்சி இருக்கிறது. பாசனத்துக்காக நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயநீரைத் தேக்கிவைக்கும் தொட்டியாகிப் போனது. கடைசியில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச்சொன்னது. வேலை இழந்தவர்கள் யார் என்று சொல்லவேண்டியதில்லை. காஞ்சிக்கும் அந்த நாள் வரவேண்டுமா?

சாயக்காரர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை. நாலு அடுப்பு வைத்துத் தொழில் செய்பவரிடம் தனியாக ஆர்.ஓ. வை என்றால் நடக்கிற காரியமா? சாயநீருக்குத் தனிக்குழாயும் பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் அரசு செய்துதர வேண்டியவை. பட்டுக்குப் பெயர் போன ஊர் என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்கள் இந்தச் செலவுக்கு ஏன் கணக்குப் பார்க்கிறார்கள்?

இன்னொரு வேடிக்கை. சென்னையின் கழிவுநீரைக் கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் ஆர்.ஓ. வரை சுத்திகரித்து, 2019 முதல் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். இரண்டும் காஞ்சிபுரம் மாவட்டம்தான். மாவட்டத் தலைநகரின் கழிவுக்கு மட்டும் ஏரியும் வேகவதி ஆறும்!

2021இல் மாநகராட்சி என்று பெயர்ப்பலகை மாற்றினார்கள், சந்தோஷம். புதிய நிலையம் எதற்கும் டெண்டர் விடுமுன் கால்வாய் நீரின் உப்பளவை வேளைக்கு வேளை எடுக்கவேண்டும், ஒரு நாள் மாதிரி போதாது. வெளியேற்றும் நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு. நத்தப்பேட்டை ஏரி வாயில் எடுத்த அளவை அந்த வரம்புக்குப் பக்கத்திலேயே எழுதி, மாதாமாதம் மாநகராட்சி அலுவலக வாசலில் ஒட்டட்டும்.

இப்படிக்கு,
ஒரு நெசவாளர்,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.