ஒரே டிக்கெட்டில் இரண்டு ருசி

பொம்மனஹள்ளியில் ஓசூர் சாலையை ஒட்டிய பி.ஜி. விடுதிகளுக்குப் புதிதாக வருபவருக்கு இரண்டு ஆலோசனைகள் இலவசம். ஒன்று, சில்க் போர்டு நெரிசலிலிருந்து தப்பும் வழி. 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ வந்த பிறகு இது சுலபம். மற்றது, அறைத் தோழர் நீட்டும் ஜப்பானிய அனிமே பட்டியல். இதுதான் பல சமயம் காலை வாருகிறது.

பட்டியலின் உச்சியில் பெரும்பாலும் 'ஒன் பீஸ்' இருக்கும். 1999ல் தொடங்கி 1,100 எபிசோட்களைத் தாண்டிவிட்ட கடற்கொள்ளையர் கதை. சாகசக் கதை பிடிக்காதவர் நான்காம் நாளே கை கழுவுகிறார். கூடவே, "ஜப்பான் கார்ட்டூன் நமக்கு ஒத்து வராது" என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார். ஒரு ரஜினி படத்தைப் பார்த்துவிட்டு மொத்தத் தமிழ் சினிமாவையும் எடை போடுவது மாதிரிதான் இது.

அனிமே என்பது ஒரு ருசியின் பெயரல்ல. 1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானின் ஜிப்லி ஸ்டூடியோ இரண்டு படங்களை ஒரே காட்சியாக வெளியிட்டது. மியாசாகியின் 'மை நெய்பர் டோடோரோ', காட்டு தேவதையோடு நட்பாகும் இரு சிறுமிகளின் கதை. தகஹாதாவின் 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்', உலகப் போரின் கடைசி மாதங்களில் பசியால் மடியும் அண்ணன் தங்கையின் கதை. இரண்டும் கையால் வரைந்த படங்கள்தான். ஆனால் முதலாவதைக் குழந்தையோடு பார்க்கலாம். இரண்டாவதைப் பார்த்தால் பெரியவர்களுக்கே தூக்கம் வராது.

ஜப்பானியர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மூலக்கதை வெளியாகும் பத்திரிகை யாருக்கானது என்பதை வைத்து சிறுவர்களுக்கு ஷோனென், சிறுமிகளுக்கு ஷோஜோ, வளர்ந்த ஆண்களுக்கு செய்னென், பெண்களுக்கு ஜோசெய் என்று பிரிக்கிறார்கள். தொடருக்கு முன் இந்த ஒரு சொல்லைப் பார்த்தாலே பாதி ஏமாற்றம் குறையும். பிள்ளைகள் பார்க்கக் கூடாததும் வடிகட்டப்படும்.

மீதிப் பாதிக்கு, "எது சிறந்தது?" என்று கேட்பதை நிறுத்த வேண்டும். தனக்கு ஏற்கெனவே எது பிடிக்கும் என்பதிலிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம். 'வெண்ணிலா கபடிக் குழு'வை ரசித்தவருக்கு வாலிபால் தொடரான 'ஹைக்யூ'. 'பாபநாசம்' போன்ற பூனை-எலி ஆட்டம் பிடித்தவருக்கு 37 எபிசோட்களில் முடியும் 'டெத் நோட்'. நகர வாழ்க்கை சலித்தவருக்கு, தீவுக் கிராமத்துக்குப் போகும் எழுத்துக் கலைஞனின் 'பாரகமோன்', 12 எபிசோட்தான். ஒன்று சுமார் 24 நிமிடம். மூன்று பார்த்தும் ஒட்டவில்லை என்றால் தயங்காமல் மாறலாம்.

தமிழில் மட்டும் பார்ப்பவருக்கு இந்தச் சுதந்திரம் குறைவு. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' தமிழ் பேசியபடியே தியேட்டருக்கு வந்தது. ஆனால் தமிழுக்கு வருபவை பெரும்பாலும் வாள் சண்டைகளோ, 'ஷின்-சான்' ரகக் குழந்தைத் தொடர்களோதான். அமைதியான கதைகளுக்கு சப்டைட்டிலே கதி. வேகமாக ஆங்கிலம் படிக்க முடியாத அம்மாவுக்கு எது பிடிக்கும் என்பதை டப்பிங் சந்தையே முடிவு செய்துவிடுகிறது.

அம்மாவுக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. யூகோ சாகோ இந்தியாவின் ராம் மோகனோடு சேர்ந்து இயக்கிய ஜப்பானிய ராமாயணப் படம் அது. ராமாயணத்தைக் கார்ட்டூன் ஆக்குவதா என்று 1980களில் இங்கே எதிர்ப்பு கிளம்பியது. 1992ல் முடிந்த அந்தப் படம் 2025 ஜனவரியில்தான் தமிழ் டப்பிங்கோடு தியேட்டர்களைத் தொட்டது. கார்ட்டூன் என்றால் விளையாட்டு என்ற அன்றைய அவசரத் தீர்ப்பைத்தான் விடுதி அறையில் ரிமோட்டைத் தூக்கிப் போடுபவர் இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்.