ஞாயிறு பட்டறை - 9: தொண்ணூறு ஆயிலும் மைனஸ் இருபத்தஞ்சும்

போன அக்டோபர்ல இதே பகுதியில, "லாரியோ ஸ்போர்ட்ஸ் காரோ, கியர் பாக்ஸ்னா தொண்ணூறு ஆயில்தான், ஊத்திட்டு போய்க்கிட்டே இருங்க"ன்னு பெருசா எழுதியிருந்தேன். அதை நம்பி யாராவது ஊத்தியிருந்தா முதல்ல ஒரு மன்னிப்பு. நானும் ஊத்தினேன். அதுவும் என் வண்டியில இல்ல (என்கிட்ட இருக்கறது மெட்ரோ பாஸ் மட்டும்தான்), இன்னொருத்தர் வண்டியில. அந்தக் கதைதான் இந்த வாரம்.

வண்டி 1999 மாடல் மாஸ்டா மியாட்டா. ரெண்டு பேர் உட்காரலாம், கூரையை மடக்கலாம், அஞ்சு கியர். சொந்தக்காரர் பார்க் எக்ஸ்டென்ஷன்ல எங்க மேல்மாடியில இருக்கற அண்ணா, யாழ்ப்பாணத்துக்காரர். இங்க வந்து இருபது வருஷத்துக்கு மேல, பாதி நாள் ராத்திரி ஷிஃப்ட். அவர் தனக்குன்னு வாங்கின ஒரே பொருள் அந்த வண்டிதான்னு வீட்டு அக்கா சொல்வாங்க. சொல்றப்ப குரல்ல பாதி கோபம், பாதி சிரிப்பு.

நான் நாமக்கல் பையன், அப்பா லாரி மெக்கானிக். இது தெரிஞ்சதும் அண்ணா ஒரு நாள், "தம்பி, கியர்பொக்ஸ் ஒயில் மாத்தித் தாறீரே?"ன்னு கேட்டார். நமக்கு ஏற்கனவே தலைக்கனம். ஒரு கடையில போய் மலிவா கிடைச்ச 80டபிள்யூ-90 வாங்கி ஊத்தினேன். கேன் மேல 'ஜி.எல்-5'ன்னு போட்டிருந்தது. நாலை விட அஞ்சு பெருசு, அதனால நல்லதுன்னு நினைச்சுக்கிட்டேன். ஹி ஹி.

அக்டோபர், நவம்பர் ஒண்ணும் தெரியல. வழக்கமா குளிர்காலத்துல அந்த வண்டி தார்ப்பாய்க்குள்ள தூங்கும். இந்த வருஷம் அவங்க வீட்டு வேன் படுத்துடுச்சு. அதனால மியாட்டாவுக்கு குளிர்கால டயர் மாட்டி (கியூபெக்ல டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டம், 2008-ல வந்தப்ப டிசம்பர் 15-னு இருந்தது, 2019-ல முன்னாடி தள்ளினாங்க) அதுலயே வேலைக்குப் போக ஆரம்பிச்சார். ஜனவரியில ஒரு ராத்திரி மைனஸ் 25. காலையில அஞ்சு மணிக்கு என் கதவு தட்டற சத்தம்.

"தம்பி, ரெண்டாம் கியர் விழுதில்லை. கறகறண்டு சத்தம் போடுது. நியூட்ரல்ல கிளட்ச்சை விட்டாலும் எஞ்சின் நிக்கப் பாக்குது. நீர் ஒயில் மாத்தினாப் பிறகு வாற முதல் குளிர் இதுதான்."

திட்டியிருந்தா கூட பரவாயில்ல. பொறுமையா சொன்னார் பாருங்க, அதுதான் குத்திச்சு. கியர் பாக்ஸ் போச்சுன்னா ரிப்பேர் செலவு அந்த வண்டியோட விலைக்கே பக்கத்துல வரும். வேனும் இல்ல, இதுவும் இல்லன்னா ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு எப்படி வீட்டுக்கு வர்றது? அன்னைக்கு கிளாஸுக்கு மட்டம் போட்டுட்டு உட்கார்ந்து படிச்சேன். படிச்சதுல புரிஞ்சது இதுதான்.

கியர் பாக்ஸ் எண்ணெய்க்கு ஒரு வினோதமான வேலை. பல் சக்கரங்கள் ஒண்ணோட ஒண்ணு உரசற இடத்துல அது வழுக்கணும். ஆனா சிங்க்ரோ வளையத்துல பிடிக்கணும். நாம கியர் மாத்தறப்ப, போகவேண்டிய சக்கரம் ஒரு வேகத்துல சுத்தும், தண்டு இன்னொரு வேகத்துல சுத்தும். ரெண்டையும் ஒரே வேகத்துக்கு கொண்டு வர்றது ஒரு சின்ன பித்தளை வளையம். அது சக்கரத்தோட கூம்பு மேல போய் அழுந்தி, பிரேக் மாதிரி உரசி, வேகத்தை சமப்படுத்தும். அப்புறம்தான் பல்லு உள்ள போகும். 1928-ல காடிலாக் கார்ல முதல்ல வந்த ஏற்பாடு இது. அதுக்கு முன்னாடி எல்லாரும் டபுள் கிளட்ச்தான்.

அந்த வளையம் உரசணும்னா நடுவுல இருக்கற எண்ணெய்ப் படலம் பிதுங்கி வெளிய போகணும். எண்ணெய் தேன் மாதிரி உறைஞ்சு கிடந்தா எங்க போகும்? வளையம் வழுக்குது, வேகம் சமமாகல, பல்லோட பல்லு மோதி கறகற. நியூட்ரல்ல கிளட்ச்சை விட்டா எஞ்சின் திணறுறதும் இதனாலதான். உள்ள இருக்கற சக்கரங்களை அந்தக் களிக்குள்ள போட்டு எஞ்சின்தான் கிண்டணும்.

இப்ப அந்த எண்கள். எஸ்.ஏ.ஈ ஜே306-னு கியர் ஆயிலுக்கு ஒரு தரநிர்ணயம் இருக்கு. குளிர்ல எண்ணெயோட பிசுக்கு 1,50,000 சென்டிபாய்ஸைத் தாண்டக் கூடாது, அதுதான் எல்லை. 85டபிள்யூ அந்த எல்லைக்குள்ள நிக்கவேண்டியது மைனஸ் 12 வரை. 80டபிள்யூ மைனஸ் 26 வரை. 75டபிள்யூ மைனஸ் 40 வரை. நான் ஊத்தினது 80. மைனஸ் 25-ல அது கிட்டத்தட்ட விளிம்புல நின்னுக்கிட்டிருந்தது. ரெண்டு கேன்லயும் பின்னாடி இருக்கற '90' ஒண்ணுதான், ஆனா அது 100 டிகிரி சூட்டுல எடுக்கற கணக்கு. மாண்ட்ரியல் ஜனவரியில காலைல அஞ்சு மணிக்கு பின்னாடி எண்ணைப் பார்த்து பிரயோஜனம் இல்ல, முன்னாடி எண்ணைப் பார்க்கணும்.

(இடையில ஒரு சந்தேகம் வரும்: எஞ்சினுக்கு 30, 40-னு ஊத்தறோம், கியர் பாக்ஸுக்கு 90-னா அவ்வளவு கெட்டியான்னு. இல்ல. ரெண்டும் வேற வேற அளவுகோல். சூட்டுல கியர் ஆயில் 90-ம் எஞ்சின் ஆயில் 40-ம் ஏறக்குறைய ஒரே பிசுக்கு. பழைய ஹோண்டாக்கள்ல கியர் பாக்ஸ் ஆயில் கிடைக்கலன்னா தற்காலிகமா 10டபிள்யூ-30 எஞ்சின் ஆயிலே ஊத்தலாம்னு கையேட்டுலயே இருக்கும்.)

அடுத்தது ஜி.எல்-4, ஜி.எல்-5. இது பரீட்சை மார்க் இல்ல. ஜி.எல்-5-ல கந்தகம், பாஸ்பரஸ் கலந்த மருந்து அதிகம். பின்பக்க கிரௌன்-பினியன் மாதிரி, பல்லு மேல பல்லு கடும் அழுத்தத்துல சறுக்கற இடத்துக்குன்னு செஞ்சது. சிங்க்ரோவுக்கு அவ்வளவு வழுக்கல் ஆகாது, அது பிடிச்சாத்தானே வேலை. போதாததுக்கு அந்தக் கந்தகம் பித்தளையை அரிக்கும்னும் சொல்வாங்க. நியாயமா சொல்லணும்னா, இப்ப வர்ற ஜி.எல்-5 எண்ணெய்கள் பலதும் செப்புத் தகடு சோதனையில தேறிடுது, எல்லாமே பித்தளையைத் தின்னுடாது. ஆனாலும் பித்தளை சிங்க்ரோ இருக்கற பெட்டிக்குள்ள ஜி.எல்-4 போட்டா தூக்கம் நல்லா வரும்.

அதுக்காக 'எல்லா ஸ்போர்ட்ஸ் காருக்கும் ஜி.எல்-4'னு அடுத்த தப்பை நான் எழுத மாட்டேன். சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ்-ல கியர் பாக்ஸும் முன்பக்க டிஃபரன்ஷியலும் ஒரே எண்ணெயைத்தான் குடிக்கும், அதனால அங்க ஜி.எல்-5 வேணும். பழைய மஸ்டாங் பலதுல இருக்கற டி-5 பெட்டிக்கு ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஊத்தற சிவப்பு ஏ.டி.எஃப். ஹோண்டா எஸ்2000-க்கு ஹோண்டாவோட சொந்த எண்ணெய். பெட்டிக்குப் பெட்டி மாறும்.

மியாட்டாவுக்கு என்னன்னு தேடி எத்தனையோ பக்கம் படிச்சேன். கடைசில பதில் எங்க இருந்தது தெரியுமா? வண்டியோட க்ளவ் பாக்ஸ்ல, கையேட்டுல. எல்லாக் காலத்துக்கும் 75டபிள்யூ-90. பத்து டிகிரிக்கு மேலன்னா 80டபிள்யூ-90. அவ்வளவுதான். ஒரு வரி. அக்டோபர்ல நான் அதைத் திறந்தே பார்க்கல.

சனிக்கிழமை, சிந்தெட்டிக் 75டபிள்யூ-90 ஜி.எல்-4 வாங்கிட்டு வந்தோம். ரெட் லைன் எம்.டி-90-ம் அந்த ரகம்தான். மினரல் எண்ணெயில இருக்கற மெழுகு குளிர்ல கட்டி தட்டும், சிந்தெட்டிக்ல அந்தத் தொல்லை குறைவு. காசு எவ்வளவுன்னு கேக்காதீங்க, ரெண்டு வாரம் வீட்டுல ரசம்தான். செய்யப்போறவங்களுக்கு மூணு விஷயம்:

1. வண்டியைக் கொஞ்சம் ஓட்டி சூடாக்கிட்டு, நாலு பக்கமும் மட்டமா ஸ்டாண்டுல நிறுத்துங்க. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில படுக்காதீங்க.

2. முதல்ல பக்கவாட்டுல இருக்கற நிரப்பற போல்ட்டைக் கழட்டுங்க. அது வந்தப்புறம்தான் அடி போல்ட். எண்ணெயை வடிச்சுட்டு மேல் போல்ட் துருப்பிடிச்சு வரலன்னா நடுத்தெருதான். இந்த ஊர் உப்பு அப்படி.

3. சுமார் ரெண்டு லிட்டர். கைப்பம்ப் வெச்சு, துளை வழியா வழியற வரைக்கும். பழைய எண்ணெயை சாக்கடையில விடாம எக்கோசென்டர்ல குடுத்துடுங்க.

வடிச்ச எண்ணெயை வெளிச்சத்துல பார்த்தா லேசா தங்கத்தூள் மினுமினுப்பு. பித்தளை. அண்ணாவும் பார்த்தார். நான் வாயே திறக்கல. அவர்தான், "அது எல்லாம் உம்முடை வேலை இல்லை தம்பி. இருவத்தஞ்சு வரியத்துத் தேய்மானமும் அதிலை கிடக்கு"ன்னார்.

ராத்திரி அப்பாவுக்கு போன். கதையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "கண்ணு, நம்மூர்ல குளுரே கெடையாது. நான் பாத்த பழைய வண்டி முக்காவாசிக்கு சிங்க்ரோவும் கெடையாது. கியர் பெட்டிக்கும் கிரௌனுக்கும் ஒரே டின்னுல இருந்து ஊத்துவேன். நான் சொன்னது இந்த ஊருக்கு"ன்னார். கடைசியா, "இன்னொருத்தர் வண்டின்னா புக்கைப் பாத்துட்டுத்தான் கை வெக்கோணும்"னார். அவர் சொன்னதுல தப்பே இல்ல. அதை அப்படியே மூட்டை கட்டி பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல தூக்கிட்டு வந்து ஊத்தினது நான்தான்.

இப்ப வண்டி எப்படி இருக்குன்னு கேப்பீங்க. அதிசயம் எல்லாம் நடக்கல. நியூட்ரல்ல எஞ்சின் திணறல் போயிடுச்சு. மூணு, நாலு வெண்ணெய் மாதிரி விழுது. ரெண்டாம் கியர் மட்டும் காலையில முதல் அஞ்சு நிமிஷம் இன்னும் முனகுது. தேய்ஞ்ச பித்தளையை எந்த எண்ணெயும் திருப்பித் தராது. அந்த அஞ்சு நிமிஷத்துக்கு டபுள் கிளட்ச் போட அண்ணாவுக்குக் கத்துக் குடுத்தேன், அப்பா எனக்குக் கத்துக் குடுத்த மாதிரியே. ஆக, நாமக்கல் வித்தை ஒண்ணாவது இங்க செல்லுபடியாச்சு :-)

பி.கு: அக்டோபர் பதிவை அழிக்கல. மேல சிவப்பு எழுத்துல 'தப்பு, ஊத்தாதீங்க'ன்னு போட்டு வெச்சிருக்கேன்.