தனிப் பயணத்திற்குரிய உணவு



சென்ற திங்களில் ஒரு நண்பகல், புதுச்சேரிக் கடற்கரைக்கு அணித்தான பழைய தெரு ஒன்றில் அமைந்த பிரெஞ்சு உணவகத்தில் நான் உணவருந்தினேன். பங்குக் குரு எழுதும் பக்கத்தில் இது என்ன பொருள் என்று முகம் சுளிப்போர் சற்றே பொறுத்தருள்க. நானாக விரும்பிச் சென்றதன்று, அழைக்கப்பட்டுச் சென்றேன்.

அழைத்தவன் எம் பங்கைச் சேர்ந்த இளைஞன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். இவ்வாண்டுதான் வேலை நிரந்தரமாயிற்று. அந்த மகிழ்ச்சியில் தன் தாயை எங்கேனும் அழைத்துச் செல்ல வேண்டும் என்றான். வேளாங்கண்ணியைச் சொல்வான் என்று எண்ணினேன். அவனோ, "புதுச்சேரியில பிரெஞ்சுக்காரங்க சாப்பாடு வாங்கிக் குடுக்கணும் சாமி. நீங்களும் வரணும். நீங்க வந்தாத்தான் எங்கம்மா வரும்" என்றான். டயர்த் தொழிற்சாலையில் பணிபுரியும் அவனுடைய தோழன் ஒருவன் அந்நாட்டு உணவின் பெருமைகளைக் கூறி அவனுக்கு இந்த ஆவலை மூட்டியிருந்தான்.

டயருக்கும் உணவிற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். நம் மாவட்டத்துத் தேர்வாய்கண்டிகையில் டயர் செய்யும் மிஷெலின் நிறுவனமே, உலகின் பல நாடுகளில் எந்த உணவகம் சிறந்தது என்று தீர்ப்புக் கூறும் நிறுவனமும் ஆகும். ஆந்திரே, எதுவார் என்னும் உடன்பிறந்தார் இருவர் 1889-ஆம் ஆண்டில், பிரான்சின் நடுவே அவிந்துபோன எரிமலைகள் சூழ்ந்த கிளெர்மோன்-ஃபெரான் நகரில் இந்நிறுவனத்தைத் தொடங்கினர். 1900-இல் பிரான்சு முழுவதிலும் மூவாயிரம் மோட்டார் வண்டிகள்கூட இல்லை. வண்டி ஓடினாலன்றோ டயர் தேயும்? தேய்ந்தாலன்றோ விற்கும்? ஆகவே, எங்கு எரிபொருள் கிடைக்கும், எங்கு பழுது பார்க்கலாம், எங்கு இரவு தங்கலாம் என்று காட்டும் கையேடு ஒன்றை அச்சிட்டு இலவசமாக வழங்கினர். ஒரு பட்டறையில் அக்கையேடுகளை அடுக்கி மேசைக்கு முட்டுக் கொடுத்திருந்ததைக் கண்ட பின்னரே 1920 முதல் அதற்கு விலை வைத்தார்கள் என்று சொல்வார்கள். இலவசமாகக் கிடைப்பதன் கதி எங்கும் அதுதான் போலும். (இம்மாத இதழின் சந்தாவை நினைவூட்டுவதற்காக இதை எழுதவில்லை.)

1926-இல் நல்ல உணவகங்களுக்கு விண்மீன் குறியிடத் தொடங்கினர். சில ஆண்டுகளில் அது மூன்று படிகளாயிற்று. ஒரு விண்மீன் என்றால் தன் வகையில் மிக நல்ல உணவகம். இரண்டென்றால், செல்லும் வழியை விட்டு விலகிச் சென்றேனும் உண்ணத் தகுந்தது. மூன்றென்றால், அதற்கென்றே தனிப் பயணம் மேற்கொள்ளத் தகுந்தது. மோட்டாரும் இக்கையேடும் வந்த பின்னர்ப் பாரிசு நகரத்துச் செல்வர்கள் மலையோரத்துச் சிற்றூர் விடுதிகளையும் தேடிச் சென்றனர். நமக்கு மணப்பாறை முறுக்கும் திருநெல்வேலி அல்வாவும் போல், அங்கும் வட்டாரந்தோறும் உள்ள எளிய சமையல்கள் பெயர் பெற்றன.

தேர்வாய்கண்டிகையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட பின், அவ்வூரின் வழக்கையும் சொல்லாமல் கடந்து செல்வது முறையாகாது. 2009-இல் அத்தொழிற்சாலைக்கான ஒப்பந்தம் அரசோடு கையெழுத்தாயிற்று. சிப்காட் வளாகத்திற்காகத் தங்கள் மேய்ச்சல் நிலமும் காடும் போகின்றன என்று ஊரார் போராடினர். 2012-இல் அவர்களுடைய சங்கத்தோடு, பிரான்சு நாட்டுக் கத்தோலிக்கர்களின் உதவி அமைப்பொன்றும் இணைந்து, பன்னாட்டு நிறுவனங்களின் நடத்தையை ஆராயும் பிரெஞ்சு அரசு மையத்தில் முறையிட்டது. நிறுவனம் நெறிகளை மீறவில்லை என்று 2013-இல் அம்மையம் கூறிற்று. சில பரிந்துரைகளையும் செய்தது. வேலை பெற்றவரும் மேய்ச்சல் இழந்தவரும் ஒரே கூரையின் கீழ் வாழும் வீடுகள் நம் பகுதியில் பல. எனக்குத் தீர்ப்புக் கூறத் தெரியவில்லை. ஆனால் அந்த வழக்கைப் பேசாமல் அந்த விண்மீன்களை மட்டும் பேச எனக்கு மனம் ஒப்பவில்லை.

உணவகத்திற்கு வருவோம். அந்தத் தாய் அறுபதை எட்டிக்கொண்டிருப்பவர், கணவரை இழந்தவர், நான்கு மாடுகளை வைத்துப் பிள்ளையை வளர்த்தவர். காரில் ஏறும்போதே மடியில் ஒரு தூக்குச்சட்டி. "என்னம்மா இது?" என்றேன். "புளிச்சோறு சாமி. அங்க என்னத்தப் போடுவானோ, யார் கண்டா?" என்றார். ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர்த் தனிப் பயணம். மூன்று விண்மீன்களுக்கும் மேலான ஏற்பாடு!

விலைப்பட்டியலைக் கண்ட மகன் சற்று நேரம் பேசவில்லை. விலையை நானும் எழுதப்போவதில்லை. பட்டியலில் ஒவ்வோர் உணவும் ஓர் ஊரைச் சுமந்து நின்றது. திராட்சை மதுவில் நெடுநேரம் வெந்த மாட்டிறைச்சி பர்கண்டி நாட்டுடையது. கத்தரிக்காயும் தக்காளியும் குடைமிளகாயும் சேர்ந்த 'ரத்ததுய்' நீஸ் நகரத்தது. நம் வீட்டுக் கத்தரிக்காய்க் கொத்சுக்கு ஒன்றுவிட்ட தங்கை எனலாம். மார்செய் துறைமுகத்து 'புய்யாபேஸ்' என்னும் மீன்குழம்பை நான் தேர்ந்தேன். விலை போகாத முள் நிறைந்த பாறை மீன்களை மீனவர் தம் வீட்டிற்கென்று கொதிக்க வைத்த குழம்பே அதன் பிறப்பு. கொதிக்க விடு, பின் தணித்து விடு என்பதே அப்பெயரின் பொருள் என்பர். பழவேற்காட்டில் ஏரிக்கரைக் குடிசைகளில், நல்ல மீனையும் இறாலையும் வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு எஞ்சிய பொடிமீனில் வைக்கும் குழம்பை உண்டவன் நான். அக்குழம்பே இங்கு வெள்ளைப் பீங்கானில், குங்குமப்பூ மணக்க வந்து நின்றது.

அப்போதுதான் அது நிகழ்ந்தது. பரிமாறும் இளைஞர் முதல் தட்டை அந்தத் தாயின் முன் வைத்தார். அந்நாட்டு வழக்கில் பெண்களுக்கே, அவர்களுள்ளும் மூத்தவருக்கே, முதலில் பரிமாறுவார்கள். அவர் பதறிப்போய், "சாமிக்கு வையிப்பா முதல்ல" என்று தட்டை என் பக்கம் தள்ளினார். இளைஞர் புன்னகையோடு அதை மீண்டும் அவர் முன் வைத்தார். "இங்க இதாம்மா பழக்கம்" என்றார். தாய் கையை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்து அமர்ந்திருந்தார். எங்கள் தட்டுகள் வந்து, நாங்கள் உண்ணத் தொடங்கி, பாதி முடியும் வரை அவர் தொடவில்லை. குழம்பு ஆறிப்போயிற்று.

"சாப்பிடுமா" என்று மகன் இருமுறை சொன்னான். மூன்றாம் முறை சற்றுக் கடிந்தே சொன்னான். அவர் மெல்ல, "ஆம்பளைங்க சாப்பிட்டப்புறம் சாப்பிட்டே பழகிட்டேன்டா. தொண்டையில எறங்கல" என்றார்.

வாசகர்களே, குருப்பட்டம் பெற்ற நாள் முதல் எத்தனை இல்லங்களில் உண்டிருப்பேன்! எத்தனை முறை முதல் இலை எனக்கு விழுந்திருக்கும்! அந்தத் தாயின் வீட்டிலேயே, மந்திரிப்புக்குச் சென்ற நாளில், கோழிக்குழம்பும் அவித்த முட்டையும் உண்டு எழுந்தேன். சட்டியில் அதன்பின் என்ன எஞ்சியிருந்தது என்று நான் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. என் தாயும் அவ்வாறே அடுப்படியில் கடைசியில் உண்டவர்தாம்.

அன்றிரவு உறக்கம் வராமல், முன்பு படித்த ஒரு பெண்மணியின் வரலாற்றை எண்ணிக்கொண்டிருந்தேன். யூஜெனி பிராசியே என்பது அவர் பெயர். 1895-இல் பிரான்சின் கிழக்கே ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்து, ஐந்து வயதிலேயே பன்றி மேய்த்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்தார். மணமாகாமல் குழந்தை பெற்றதால் தந்தை வீட்டை விட்டு வெளியேற்றினார். லியோன் நகரில் வேலைக்காரியாகவும் சமையற்காரியாகவும் உழைத்து, 1921-இல் சொந்தமாக ஒரு சிறு உணவகம் திறந்தார். அந்நகரில் இவ்வாறு வீட்டு வேலையிலிருந்து வந்து அடுக்களை நடத்திய பெண்களை 'லியோனின் அன்னையர்' என்றே அழைத்தனர். மிஷெலின் கையேடு 1933-இல் அவருடைய இரண்டு உணவகங்களுக்கும் மும்மூன்று விண்மீன்கள் வழங்கிற்று. மாடு மேய்த்த நம் தாய்மார்களுக்கு விண்மீன் வழங்க எந்தக் கையேடும் வந்ததில்லை. அவர்கள் கைச்சுவைக்கு மட்டும் என்ன குறை?

குறையில்லை என்பதற்கு அன்றே சான்று கிடைத்தது. மூன்றாவதாக வந்த கோழி உணவில் ஒரு மணம். தாய் நிமிர்ந்தார். "இது வடவம்ல?" என்றார். பரிமாறியவர் வியந்து உள்ளே சென்று, சமையற்கட்டிலிருந்து ஓர் அம்மையாரை அழைத்து வந்தார், புதுச்சேரித் தமிழர். வடவமேதான் என்றார் அவர். சின்ன வெங்காயமும் பூண்டும் இடித்து, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், மஞ்சள் கூட்டி, விளக்கெண்ணெய் தடவி உருட்டி வெயிலில் காயவைக்கும் நம் வடவம், புதுச்சேரியிலிருந்து கப்பலேறி 'வதுவான்' என்று பெயர் மாறி, இன்று பிரான்சின் பெரிய சமையற்காரர்கள் ஆட்டிறைச்சிக்கும் கடலுணவுக்கும் தூவும் பொடியாக விளங்குகிறது.

இரு பெண்களும் பேசத் தொடங்கிவிட்டனர். எத்தனை நாள் வெயில், இரவில் உருண்டையை உதிர்த்து மூடி வைப்பதா கூடாதா, விளக்கெண்ணெய் எவ்வளவு. "வெயில் பத்தல உங்க வடவத்துக்கு. இன்னும் ரெண்டு நாள் காயணும்" என்று நம் தாய் தீர்ப்புக் கூறினார். அம்மையார் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். பேச்சினிடையே தாய் தன்னையறியாமல் அந்தத் தட்டு முழுவதையும் உண்டு முடித்திருந்தார். மகன் என்னைப் பார்த்தான். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் மரக்காணத்து உப்பளங்களைக் கடந்ததும், "பசிக்குதுடா" என்று தாய் வண்டியை நிறுத்தச் சொன்னார். சாலையோர மர நிழலில் தூக்குச்சட்டி திறந்தது. வாழையிலையைக் கிழித்து முதல் துண்டில் சோற்றை வைத்து, வழக்கம்போல் என்னிடம் நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "முதலில் நீங்கள்" என்றேன். "ஐயோ சாமி" என்றார். நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. கடைசியில் மகன்தான் அந்த இலையை வாங்கித் தாயின் கையிலேயே திரும்ப வைத்து, மற்ற இரண்டு துண்டுகளில் எனக்கும் தனக்கும் போட்டுக்கொண்டான். புளிச்சோற்றில் உப்பு சற்றுத் தூக்கல்.