ஆங்கிலத்திற்குத் தமிழ் தடையா?

"தமிழ்ப்பள்ளியில் படித்ததால்தான் உனக்கு ஆங்கிலம் வரவில்லை." இந்தச் சொல்லைக் கேட்காமல் பல்கலைக்கழகம் வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? நானும் கேட்டவள்தான். சில காலம் அதை நம்பியவளும்கூட.

முதலாம் ஆண்டில் ஓர் ஆங்கில டியூட்டோரியல் வகுப்பு. அவரவர் கையிலிருக்கும் பொருளை வருணிக்க வேண்டும். என் முறை வந்தபோது "பேக் பிளாக் பிக்" என்று தொடங்கினேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பருவம் முழுவதும் அவ்வகுப்பில் நான் வாய் திறக்கவே இல்லை. குழுப் படைப்பில் நான் பேச வேண்டிய பகுதியையும் தோழியிடம் கொடுத்துவிட்டேன். அதற்கான மதிப்பெண்ணும் போயிற்று.

அந்தத் தவறு எங்கிருந்து வந்தது? தமிழில் 'பை கறுப்பு பெரிய' என்று யாரும் சொல்வதில்லை. 'பெரிய கறுப்புப் பை' என்கிறோம். ஆங்கிலமும் 'பிக் பிளாக் பேக்' என்றே சொல்கிறது. பெயரை முன்னே வைத்து அடையைப் பின்னே வைப்பது மலாய்மொழி: 'பெக் ஹித்தாம் பெசார்'. இடைநிலைப்பள்ளியில் பெரும்பாலான பாடங்களை மலாயில் எழுதிய பழக்கம் நாவில் வந்து நின்றது. மலாய்மொழியை நான் குறை சொல்லவில்லை. அதன் இலக்கணம் அது. ஆனால், பழி மட்டும் தமிழின் தலையில் விழுந்ததே!

ஆங்கில இலக்கண நூல்கள் பெயரடைகளுக்கு ஒரு வரிசை தருகின்றன. கருத்து, அளவு, வயது, வடிவம், நிறம், பிறப்பிடம், மூலப்பொருள், பயன். பட்டியலைப் பார்த்தாலே தலை சுற்றும். ஆனால், 'அழகான சிறிய பழைய மரமேசை' என்று நாம் இயல்பாகவே சொல்கிறோம். 'மர அழகான மேசை' என்றால் காது ஒப்புவதில்லை. பொருளை விட்டுப் பிரியாத மரம் பெயரை ஒட்டி நிற்கிறது. பார்ப்பவர் எண்ணமாகிய அழகு தள்ளி நிற்கிறது. ஆங்கிலத்திலும் அப்படியே. வேறுபாடும் உண்டு. 'பழைய பெரிய வீடு', 'பெரிய பழைய வீடு' இரண்டையும் தமிழ் ஏற்கும். ஆங்கிலமோ வழக்கமாக அளவை வயதுக்கு முன் வைக்கும். அங்கேதான் நமக்குக் கூடுதல் கவனம் தேவை.

தொழிற்பயிற்சிக்கான நேர்முகத்தேர்வில் என் படிப்பைப் பற்றிக் கேட்டார்கள். 'குட்', 'நைஸ்' தவிர எனக்கு வேறு சொல் வரவில்லை. போதாக்குறைக்கு 'திரீ-இயர்ஸ் கோர்ஸ்' என்றேன். தமிழில் 'மூன்றாண்டுகள் படிப்பு' என்றா சொல்கிறோம்? 'மூன்றாண்டுப் படிப்பு' என்று ஒருமையில்தானே சொல்கிறோம்! ஆங்கிலத்திலும் 'திரீ-இயர் கோர்ஸ்'தான். அன்றிரவே ஒரு குறிப்பேடு தொடங்கினேன். என் படிப்பு கடும் உழைப்பைக் கேட்பது, செய்முறை சார்ந்தது என்று முதலில் தமிழில் எழுதினேன். பிறகு 'டிமாண்டிங்', 'பிராக்டிக்கல்' என்ற சொற்களைத் தேடி, 'கோர்ஸ்' என்ற பெயரோடு சேர்த்தே எழுதி வைத்தேன். சொல்ல வேண்டியது தெளிவானதும் சொல் தங்கியது.

"தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் பேசாதே" என்பார்கள். சரளமாகப் பேசும் நிலை வந்தபின் அது சரி. ஏறும்போதே ஏணியைத் தள்ளிவிடச் சொல்வது எவ்வகையில் நியாயம்?

ஆகவே, நம் தமிழ்மொழிக் கழகத்திற்கு ஒரு வேண்டுகோள். கவிதைப் போட்டியும் நாடக விழாவும் தொடரட்டும். அவற்றோடு வாரம் ஒருமுறை, முதலாண்டு மாணவர்களுக்கு மூத்தோர் தமிழ்வழி ஆங்கிலம் சொல்லித்தரும் ஒரு மணி நேரமும் இருக்கட்டும். சிரிப்புக்கு அஞ்சி வாய்மூடி அமர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, "உனக்குப் பாதி ஏற்கெனவே தெரியும்" என்று தமிழில் சொல்ல நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்? சிந்திப்போம், செயல்படுவோம்.