மெழுகு வார்ப்போம், மொழி வளர்ப்போம்

ஆண்டு விழா மலரில் மெழுகுவத்திக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். மொழியின் பெருமையைப் பேசும் கட்டுரைகளுக்கும் மாணவச் செல்வங்களின் கவிதைகளுக்கும் நடுவே, சமையலறை அடுப்பையும் உருகும் மெழுகையும் பற்றி எழுதுவது பொருந்துமோ என்னும் ஐயம் நமக்கும் இருந்தது. எனினும் சென்ற குளிர்காலத்தில் நாம் கண்ட ஒரு காட்சி இதனை எழுதியே ஆகவேண்டும் என்று தூண்டிற்று.

வார விடுமுறை நாளொன்றில் நம் பள்ளிப் பெற்றோர் சிலர் பிள்ளைகளுடன் ஓர் இல்லத்தில் கூடி, மணமூட்டிய மெழுகுவத்திகளைச் செய்து பார்த்தோம். பிள்ளைகள் ஆவலுடன் அடுப்பைச் சூழ்ந்து நின்றனர். அவர்களுள் ஒரு சிறுமி, சென்ற ஆண்டு விழா மேடையில் இருபது குறட்பாக்களைப் பிழையின்றி ஒப்புவித்துப் பரிசு பெற்றவள். பாத்திரத்தை எட்டிப் பார்த்த அவள், “அம்மா, வேக்ஸ் மெல்ட் ஆயிடுச்சு, போர் பண்ணலாமா?” என்று கேட்டாள். “வெயிட் பண்ணு, கொஞ்சம் கூல் ஆகட்டும்” என்று விடை கூறினார் தாய். அங்கிருந்த நம்முள் எவருக்கும் அது வேறுபாடாகத் தோன்றவில்லை. நாமும் அப்படித்தானே பேசிக்கொண்டிருந்தோம்! வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது: இருபது குறள் அறிந்த குழந்தைக்கு ‘உருகுதல்’ என்ற சொல் நாவில் வரவில்லை, ‘வார்த்தல்’ என்ற சொல்லை அவள் கேட்டதே இல்லை.

குற்றம் குழந்தையுடையது அன்று, நம்முடையது. நம் பள்ளி வாரத்தில் இரண்டு மணி நேரம் தமிழ் கற்பிக்கிறது. எழுத்தும் செய்யுளும் இலக்கணமும் அங்கே கிடைக்கின்றன. ஆனால் கைகளால் ஒன்றைச் செய்யும்போது பேசப்படும் தமிழ் அங்கே கிடைக்காது. அது வீட்டில்தான் கிடைக்க வேண்டும். நாமோ வீட்டில் “சாப்பிட்டாயா, படித்தாயா” என்பதற்கு மட்டும் தமிழை வைத்துக்கொண்டு, வேலை என்று வந்தவுடன் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறோம். மேடைக்கு ஒரு மொழி, வேலைக்கு ஒரு மொழி என்று பிரித்துவிட்டால், மேடைமொழி விழா முடிந்ததும் திரைக்குப் பின்னே சென்றுவிடும். ஆகவே, மாதம் ஒரு முறையேனும் ஏதேனும் ஒரு கைவேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை தமிழிலேயே பிள்ளைகளுடன் செய்ய வேண்டும் என்பதே நம் கருத்து. அதற்கு மெழுகுவத்தியை விட நல்ல தொடக்கம் ஒன்று நமக்குத் தோன்றவில்லை.

ஏன் மெழுகு? முதற்காரணம், அதனுள் ஓர் அறிவியல் பாடம் அடங்கியிருக்கிறது. லண்டன் மாநகரின் ராயல் கழகத்தில் மைக்கேல் பாரடே இளைஞர்களுக்கு ஆற்றிய புகழ்பெற்ற ஆறு சொற்பொழிவுகளின் பொருள் ஒரு மெழுகுவத்தியே. 1860ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய அவ்வுரைகள் 1861இல் நூலாக வந்தன. மின்னியலின் பேரறிஞர், கொல்லர் ஒருவரின் மகன், பிள்ளைகளுக்கு வேதியியலைக் கற்பிக்கத் தேர்ந்தெடுத்தது எல்லார் வீட்டிலும் இருந்த ஓர் எளிய பொருளைத்தான்.

நாம் பயன்படுத்தும் சோயா மெழுகிலும் ஒரு பாடம் உண்டு. சோயா எண்ணெய் நீர்மமானது. அதனுடன் நிக்கல் வினையூக்கியின் துணையால் ஹைட்ரஜனைச் சேர்த்தால் அது திடமாகிறது. நீர்ம எண்ணெயைத் திடமாக்கும் இம்முறைக்கு வில்ஹெல்ம் நார்மன் என்ற ஜெர்மானிய வேதியியலார் 1902இல் காப்புரிமை பெற்றார். நம் பாட்டிமார் சமையலறையில் மஞ்சள் டப்பாவில் இருந்த டால்டாவும் ஏறத்தாழ இம்முறையில் பிறந்ததே! “இது டால்டாவின் தங்கை” என்று சொன்னபோது பெற்றோர் நகைத்தனர். டால்டா என்றால் என்னவென்று பிள்ளைகள் கேட்டனர். அரை மணி நேரம் ஊர்க்கதை ஓடிற்று. அதுவும் தமிழ்ப்பாடந்தான்.

இரண்டாவது காரணம், மெழுகைப் போல் தமிழ் வினைச்சொற்களைக் கண்முன் நிறுத்தும் பொருள் அரிது. வகுப்பில் தன்வினை, பிறவினை என்று கற்பிக்கும்போது பிள்ளைகள் கொட்டாவி விடுவதை ஆசிரியர்கள் அறிவர். அடுப்பருகே அது விளையாட்டாகிவிடுகிறது. மெழுகு உருகிற்று, நான் மெழுகை உருக்கினேன். சூடு ஆறிற்று, நான் சூட்டை ஆற்றினேன். விளக்கு எரிந்தது, நான் விளக்கை எரித்தேன். தானே நிகழ்வது எது, நாம் நிகழ்த்துவது எது என்பதைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு இலக்கண விதி தனியே வேண்டுவதில்லை. பஞ்சு நூலை முறுக்கினால் ‘திரித்தோம்’ என்கிறோம். அப்படித் திரித்த பொருளே ‘திரி’. ஈழத்துப் பெற்றோர் மெழுகுவத்தியை ‘மெழுகுதிரி’ என்றே அழைப்பதைக் கேட்ட பிள்ளைகள், சொல்லின் உள்ளேயே பொருள் இருப்பதைக் கண்டு வியந்தனர்.

‘வார்த்தல்’ என்ற சொல்லைப் பாருங்கள். தாய் தோசை வார்க்கிறாள். நாம் மெழுகு வார்க்கிறோம். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஸ்தபதிகள் சிலை வார்க்கின்றனர். அங்கும் முதல் வேலை மெழுகில்தான். தேன்மெழுகுடன் குங்கிலியத்தையும் கடலை எண்ணெயையும் சேர்த்து உருவத்தை வடிக்கின்றனர். அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசிக் காயவைக்கின்றனர். சூடேற்ற, மெழுகு உருகி வெளியேறுகிறது. அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்க்கின்றனர். சோழர் காலத்து நடராசர் திருவுருவங்கள் இம்முறையில் தோன்றியவையே. ஒரு சிறு குவளையில் மெழுகு வார்க்கும் குழந்தையின் கையும் அக்கலைஞரின் கையும் ஒரே வினைச்சொல்லால் இணைகின்றன.

இனிச் செய்முறையைச் சுருங்கக் கூறுவோம். அரைக் கிலோ சோயா மெழுகுச் செதில்களை ஒரு பாத்திரத்தில் இட்டு, அப்பாத்திரத்தைக் கொதிநீர் உள்ள மற்றொரு பாத்திரத்தில் வைத்து உருக்க வேண்டும். நேரே அடுப்பில் வைத்தல் கூடாது. வெப்பமானி 80 டிகிரியை ஒட்டிக் காட்டும்போது அடுப்பை அணைத்து, மணத்தைலத்தைச் சேர்த்து இரண்டு நிமிடம் மெல்லக் கிண்ட வேண்டும். நூற்றுக்கு எட்டுப் பங்கு தைலம் என்றால் 500 கிராம் மெழுகுக்கு எத்தனை கிராம்? கணக்கைப் பிள்ளைகளே போடட்டும்: 40 கிராம். பின்னர் 60 டிகிரி அளவுக்கு ஆறவிட்டு, நடுவில் திரி நிறுத்திய கண்ணாடிக் குவளைகளில் வார்க்க வேண்டும். மெழுகுக்கு மெழுகு இவ்வளவுகள் சிறிது மாறும்; உறையின்மேல் அச்சிட்டுள்ளதைப் பார்த்துக்கொள்க. உறைந்த பின் உடனே கொளுத்தாமல் ஒரு வாரமாவது வைத்திருந்தால் மணம் நன்கு ஊறும். கொளுத்துமுன் திரியை அரை சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்கிவிட வேண்டும்.

திரியில்லாமல் சிறு அச்சுகளில் வார்த்து, மின்சூட்டியின் தட்டில் வைத்து உருக்கி மணம் பெறும் வகையும் உண்டு. ஆங்கிலேயர் அதற்குத் தம் தின்பண்டம் ஒன்றின் பெயரை இட்டு ‘டார்ட்’ என்கின்றனர். நம் வீட்டில் பழைய பணியாரச் சட்டி ஒன்று இருந்தது. அதன் குழிகளில் வார்த்து எடுத்தோம். பிள்ளைகளே அதற்கு ‘மெழுகுப் பணியாரம்’ என்று பெயர் சூட்டினர்! புதிய பொருளுக்குத் தமிழில் பெயர் வைக்க அறிஞர் குழு கூட வேண்டியதில்லை. வேலை செய்யும் கை போதும் என்பதை அன்று உணர்ந்தோம். அச்சட்டி இனி மெழுகுக்கு மட்டுமே என்று ஒதுக்கி வைத்துவிட்டோம். மழலையர் உண்மைப் பணியாரம் என்றெண்ணி வாயில் இட்டுவிடாமல் காப்பதும் நம் பொறுப்பு.

மணத்தைப் பற்றியும் ஒரு சொல். இந்நாட்டு அரபு இல்லங்களில் விருந்தினரை ஊத் புகை கமழ வரவேற்பது மரபு. நம் பிள்ளைகளுக்கு ‘ஊத்’ நன்கு தெரியும். அதுவே நம் ‘அகில்’ என்பது தெரியாது. காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து குவிந்த பொருள்களுள் சந்தனத்தையும் அகிலையும் பட்டினப்பாலை எண்ணிக் கூறுகிறது. தைலக் குப்பிகளை முகர்ந்து பார்த்து மல்லிகை, சந்தனம், அகில், வெட்டிவேர், ஏலம் என்று பெயர் சொல்வதே ஒரு நல்ல பயிற்சி. உலர்ந்த மல்லிகையையும் ஏலக்காயையும் மெழுகின்மேல் தூவலாமே என்று அன்னையர் சிலர் விரும்பினர். அது வேண்டா, சுடர் அவற்றைப் பற்றிக்கொள்ளும்.

இதற்கு மறுப்புகள் உண்டு என்பதை அறிவோம். “அடுக்குமாடி வீட்டில் குழந்தைகளுடன் நெருப்பு விளையாட்டா?” என்பது முதல் மறுப்பு. அஞ்சத் தக்கதே. உருக்குவதும் வார்ப்பதும் பெரியோர் கைப்பிடியில்தான் நிகழ வேண்டும். உருகும் மெழுகை விட்டு ஒரு கணமும் அகலுதல் கூடாது. மெழுகு தீப்பற்றினால் நீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். ஆனால் அஞ்சத் தக்கதை முறையாகக் கையாளக் கற்பிப்பதும் கல்வியே அன்றோ? “சோயா இயற்கையானது, புகையே இராது” என்னும் விளம்பரத்தையும் நம்ப வேண்டா. எரியும் திரி எதுவாயினும் சிறிது கரி உமிழும். இழைப்பு நோயுள்ளோர் இருக்கும் வீட்டில் வலிய மணங்களைத் தவிர்ப்பதே நன்று.

“கடையில் சில திர்ஹங்களுக்குக் கிடைப்பதற்கு இத்தனை பாடா?” என்பது இரண்டாவது. மெழுகுவத்திதான் வேண்டும் என்றால் கடைக்கே செல்லலாம். நாம் செய்ய விழைவது அதைச் செய்யும் இரண்டு மணி நேரத்தை. வேறு சிலரோ, “நன்றாக வந்திருக்கிறதே, விற்கலாமே” என்கின்றனர். விற்பனைக்கு இந்நாட்டில் முறையான உரிமம் வேண்டும் என்பது ஒருபுறம் இருக்க, பிள்ளைகளுடன் செய்யும் ஒவ்வொன்றையும் வணிகமாக்கிவிட வேண்டுமா என்று நாம் கேட்கிறோம். ஆசிரியைக்கும் அண்டை வீட்டாருக்கும் அன்பளிப்பாகக் கொடுப்பதே போதும். கொடுக்கும்போது ஓர் எச்சரிக்கை: கோடையில் பகல் வெப்பம் 45 டிகிரியைக் கடக்கும் இந்நாட்டில் மூடிய காரின் உட்புறம் அதனினும் கொதிக்கும், குவளைக்குரிய சோயா மெழுகு பலவும் 50 டிகிரியை ஒட்டி இளகிவிடுவன. ஆகவே காரில் விட்டுச்செல்லற்க. நவம்பர் முதல் மார்ச் வரையே இவ்வேலைக்கு ஏற்ற பருவம்.

நிறைவாக ஒரு செய்தி. ஓமன் நாட்டில் சலாலாவுக்குக் கிழக்கே கோர் ரோரி என்ற இடத்தில் சும்ஹுரம் என்னும் பழந்துறைமுகம் இருந்தது. லுபான் என்று அரபியர் வழங்கும் குந்திரிக்கம் அங்கிருந்து கப்பலேறிற்று. யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டில் உலக மரபிடமாக அறிவித்த நறும்பிசின் நிலத்தில் அதுவும் ஒரு பகுதி. அங்கே 2006இல் இத்தாலிய அகழாய்வுக் குழுவுக்கு ஒரு பானையோடு கிடைத்தது. உடைந்த பானையின் தோளிலிருந்து செய்துகொண்ட மூடி அது. அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு பெயர் இருப்பது 2012இல் தெரியவந்தது. ‘ணந்தை கீரன்’ என்று அதனைப் படித்த அறிஞர்கள், காலம் கி.பி. முதல் நூற்றாண்டு என்று கருதுகின்றனர்.

மணப்பொருள் விற்ற அரபுநாட்டுத் துறையொன்றில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், ஒரு தமிழ்ப்பெயர் எதில் எழுதப்பட்டிருந்தது? கல்வெட்டில் அன்று, செப்பேட்டில் அன்று, நாள்தோறும் கையாளும் பானையில். எழுதியவர் மொழியைக் காக்கவென்று எழுதியிருக்க மாட்டார். தம் பொருளில் தம் மொழியில் பெயர் எழுதுவது அவருக்கு இயல்பாக இருந்தது. அவ்வியல்பைத்தான் நாம் நம் பிள்ளைகளுக்குத் தர வேண்டும்.

ஆதலின், அன்பு மாணவர்களே, இக்குளிர்காலத்தில் உங்கள் பெற்றோரை அழைத்து ஒரு குவளையேனும் வார்த்துப் பாருங்கள். ‘வேக்ஸ் மெல்ட் ஆயிடுச்சு’ என்று அப்பா சொன்னால் திருத்துங்கள். அந்த உரிமையை இம்மலரின் வாயிலாக உங்களுக்கு அளிக்கிறோம்! உறைந்த பின் ஒரு சிறு தாளில் உங்கள் கையெழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: என்ன மணம், எத்தனை கிராம், வார்த்த நாள் எது, வார்த்தவர் யார். அடுத்த ஆண்டு விழாவில் நுழைவாயிலருகே ஒரு மேசை போட்டுக் காத்திருப்போம். அதன்மேல் உங்கள் பெயர்களைத் தமிழில் படிக்க விழைகிறோம்.