கிறவல் வீதிக்கு எந்தச் சைக்கிள்?

மேல்நாடுகளிலே கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ‘கிறவல் பைக்’ என்றொரு சைக்கிள் பெயர்பெற்று வருகிறது. தார் போடாத வீதிகளிலும் காட்டுப் பாதைகளிலும் ஓய்வு நாட்களில் ஓடுவதற்கென்றே செய்யப்படுவது. வளைந்த ஹாண்டில், அகலமான ரயர், பல கியர்கள், டிஸ்க் பிறேக் என்பன அதன் அடையாளங்கள். கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ வாழும் பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு, எங்கள் ஊர் வீதியெல்லாம் கிறவல்தானே, வீட்டுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தால் என்ன என்று கேட்கிறார்கள். அன்பினால் எழும் கேள்விதான். ஆயினும் பணம் வருமுன்னரே வீட்டார் இருந்து யோசிக்க வேண்டிய விடயங்கள் சில உண்டு.

கிறவலில் சைக்கிள் ஓடுவதை எமது மக்கள் எவரிடமும் கற்கத் தேவையில்லை. 1990களில் எரிபொருள் தடை நிலவிய காலத்தில் நெல்மூடை, விறகு, நோயாளி எல்லாமே சைக்கிளில்தான் போயின. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தைவிட்டு தென்மராட்சி நோக்கிப் புறப்பட்ட மக்கள் உருட்டிச் சென்றதும் சைக்கிளையே. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோதுதான் நாட்டின் ஏனைய பகுதிகளுக்கு அதன் அருமை தெரிந்தது. உடனே விலையும் ஏறியது.

இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு இது வெறும் போக்குவரத்துப் பிரச்சினை அல்ல. 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது எல்லோரும் சொந்தக் காணிக்குத் திரும்பவில்லை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களில் ஒரு பகுதியினர் இன்றும் காணி விடுபடாமல் இருக்கின்றனர். இருப்பது ஓரிடம், வயல் வேறிடம், பாடசாலை இன்னோரிடம். இந்த மூன்றையும் இணைப்பது சைக்கிள். அது இரண்டு வாரம் ஓடாமற் கிடந்தால் பயிருக்குத் தண்ணீர் பிந்தும், பிள்ளையின் பாடசாலை வரவு குறையும். ஆகவே சைக்கிளைத் தெரிவுசெய்யும்போது, எது நன்றாக ஓடும் என்பதிலும் பார்க்க, உடைந்தால் எங்கே, யாரால், எத்தனை மணித்தியாலத்தில் திருத்தலாம் என்பதே முதற் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது எனது கருத்து.

இந்தக் கேள்விக்கு இரும்புச் சைக்கிளே விடை சொல்லும். அலுமினியச் சட்டம் பாரம் குறைந்தது, துருவும் பிடிக்காது. ஆனால் வெடித்தால் சந்தியில் இருக்கும் பட்டறையில் ஒட்ட முடியாது. இரும்பு வளைந்தால் நிமிர்த்தலாம், வெடித்தால் ஒட்டலாம். (ஒட்டும்போது காஸ் வெல்டிங்கில் பித்தளை வைத்து ஒட்டச் சொல்லுங்கள். ஆர்க் வெல்டிங் மெல்லிய குழாயைத் துளைத்துவிடும்.) கடையில் எது இரும்பு, எது அலுமினியம் என்று சந்தேகம் வந்தால் பழைய றேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தைக் கொண்டுபோய்ச் சட்டத்தில் வைத்துப் பாருங்கள். பளபளக்கும் ஸ்ரிக்கரைவிடக் காந்தம் உண்மை பேசும்.

இன்னொரு விடயம் எமது பெரியவர்களுக்கு மகிழ்ச்சி தரக்கூடியது. புதிய கிறவல் பைக்கின் பெருமையே அதன் ரயர் ஏறக்குறைய 40 மில்லிமீற்றர் அகலம் என்பதுதான். எமது தகப்பன்மார் ஓடிய றலி, ஹம்பர் சைக்கிள்களின் 28 × 1½ ரயரின் பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் 40-635 என்று இருக்கும். அந்த 40 என்பதும் அதே மில்லிமீற்றர்தான்!

அதற்காகப் பழையது எல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. கம்பிப் பிறேக் போட்ட அந்தச் சைக்கிள் மழையில் சரியாக நிற்காது. குறோம் பூசிய றிம் நனைந்தால் கட்டை வழுக்கும். பாரமும் அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக, உயர்ந்த பார் வைத்த சட்டம் பெண்களுக்கு உதவாது. கணவனை இழந்து தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்களுக்கு உதவி நிறுவனமொன்று ஒரே அளவான ஆண்கள் சைக்கிள்களைப் பகிர்ந்தளித்ததை நான் கண்டிருக்கிறேன். படம் எடுத்தார்கள், கையொப்பம் வாங்கினார்கள். சில மாதங்களில் அவற்றிற் பல மைத்துனன்மாரிடமும் அயலவரிடமும் போய்ச் சேர்ந்திருந்தன. அந்தப் பெண்கள் பழையபடி நடந்தார்கள். கேட்டுவிட்டுக் கொடுத்திருந்தால் அதே பணத்தில் தாழ்ந்த சட்டம் வைத்த சைக்கிள்கள் கிடைத்திருக்கும்.

எனவே, ஓடப்போகிறவரே கடைக்குப் போக வேண்டும். சட்டத்தின் மேலாக நின்றால் இரு பாதங்களும் நிலத்தில் முழுமையாகப் பதிய வேண்டும். சீற்றில் இருந்து குதிக்காலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் முழங்கால் ஏறக்குறைய நிமிர வேண்டும். எம்மவர் பலர் சீற்றை மிகத் தாழ்த்தி ஓடுகிறார்கள். முழங்கால் நோவுக்கு அதுவும் ஒரு காரணம். பிள்ளை வளரும்தானே என்று பெரிய சைக்கிள் எடுப்பதும் கூடாது. வளருமுன் விழுந்துவிடும்.

ரயரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பணம் வீணாவது இங்கேதான் அதிகம். 26 என்று எழுதிய ரயரெல்லாம் ஒன்றல்ல. பெண்கள் சைக்கிளின் 26 × 1⅜ ரயர் 590 மில்லிமீற்றர் றிம்முக்கு உரியது. ‘மவுண்டன்’ சைக்கிளின் 26 × 1.95 ரயர் 559 மில்லிமீற்றர் றிம்முக்கு உரியது. ஒன்று மற்றதற்கு ஏறாது. அவ்வாறே 28 × 1½ ரயரின் றிம் 635. வெளிநாட்டுக் கிறவல் பைக்கின் றிம் பெரும்பாலும் 622. பெட்டியில் வந்திறங்கும் சைக்கிளுக்கு முதல் ரயர் தேய்ந்ததும் உள்ளூர்க் கடையில் இரண்டாவது ரயர் இராது. ஆகவே சைக்கிளைப் பார்க்கப் போகுமுன் உங்கள் சந்திக் கடைக்குப் போய் எந்த அளவு ரயரும் ரியூபும் எப்போதும் இருக்கின்றன என்று கேளுங்கள். அதன்பின் அந்த அளவுக்குச் சைக்கிள் தேடுங்கள். வயலுக்கு உரப்பை ஏற்றிப் போகிறவருக்கு 28 × 1½ நல்லது. புழுதியும் கல்லும் மிகுந்த பாதையில் ஓடும் இளையவருக்கு 1.95 நல்லது. 1⅜ கல்வீதியில் சற்று ஒடுக்கம்தான். ஆனாலும் பாடசாலைக்குப் போகப் போதும்.

விலை குறைந்த சைக்கிளில் முன் போக்கில் ஸ்பிறிங் வைத்திருந்தால் வாங்காதீர்கள். புழுதி புகுந்து சில மாதங்களில் இறுகிவிடும், அதற்குப் பின் அது வெறும் பாரம். பதினெட்டு இருபத்தொரு கியர் என்பதும் அத்தகைய கவர்ச்சிதான். எமது நிலம் பெரும்பாலும் தட்டை. எதிர்க்காற்றும் சுமையும்தான் கஷ்டம். அதற்கு மலிவான வழி உண்டு. முன்னால் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் இருந்தால் 28 அங்குலச் சில்லு ஒரு மிதிக்கு ஏறக்குறைய ஐந்தரை மீற்றர் போகும். பின்னால் 22 பல் பிறீவீல் போட்டால் நாலரை மீற்றர் போகும். வேகம் குறையும், ஆனால் பாரத்தோடு இறங்கி உருட்ட வேண்டிய தேவை குறையும்.

பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள் பின்னால் நின்று இரு சில்லுகளும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஹாண்டிலுக்குக் கீழே சட்டக் குழாய்கள் சந்திக்கும் இடத்தில் பெயின்ற் வெடித்திருந்தால் உள்ளே இரும்பும் வெடித்திருக்கலாம். செயினில் 24 ஆணி இடைவெளிகளை அடிமட்டத்தால் அளந்தால் 12 அங்குலம் வர வேண்டும். அதற்கு மேல் எட்டிலொரு அங்குலம் நீண்டிருந்தால் செயினோடு பற்சில்லும் போய்விட்டது என்று விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

உதவி விண்ணப்பப் படிவங்களில் சைக்கிள் எதற்கு என்ற கேள்விக்கு ‘வாழ்வாதாரம்’ என்றே எழுத வேண்டியிருக்கிறது. பின்னேரத்தில் குளக்கட்டு வழியே சும்மா ஓட என்று எழுதினால் பெயர் வெட்டப்படும். எனக்கு இதில் உடன்பாடில்லை. முகாமின் முட்கம்பிக்குள் வளர்ந்த பிள்ளைக்கு நினைத்த பக்கம் திரும்பி ஓடுவதும் ஒரு தேவைதான். ரொறன்ரோவில் உள்ளவருக்கு அது உடற்பயிற்சி, ஒட்டுசுட்டானில் உள்ளவருக்கு அது ஆடம்பரமா? குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட இவான் இல்லிச் 1974இல் வெளியான தமது நூலொன்றில், நடப்பவரைவிட மூன்று நான்கு மடங்கு வேகமாக, ஐந்திலொரு பங்கு சக்தியோடு சைக்கிளில் போகலாம் என்று கணக்குக் காட்டினார். அந்தச் சுதந்திரத்துக்கு நோக்கம் எழுதிக் காட்டத் தேவையில்லை.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடியது: பெட்டி அனுப்ப வேண்டாம், பணத்தை அனுப்புங்கள். நிறுவனங்களுக்கும் பங்குச் சபைகளுக்கும் இதுவே. குடும்பம் தானே கடைக்குப் போகட்டும். பணம் கொடுக்குமுன் கரியரில் ஒரு பிள்ளையை இருத்தி, தார் வீதியில் அல்ல, கல்வீதியில் ஒரு தடவை ஓடிப் பார்க்கட்டும். மிஞ்சும் பணத்தில் ஒரு பம்ப், ஒட்டுப் பெட்டி, மேலதிக ரியூப் ஒன்று வாங்கலாம். பற்றுச்சீட்டில் சட்டத்தில் அடித்திருக்கும் இலக்கத்தை எழுதுவித்து, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் இருக்கும் அதே பையில் வையுங்கள்.