‘அரை இஞ்சு வடம்’ என்று எழுதினால் போதுமா?

தொழிற்சாலையின் கிரேன் பகுதியிலிருந்து கொள்முதல் பிரிவுக்கு ஒரு சீட்டு வருகிறது. “வயர் ரோப், அரை இஞ்சு, 100 மீட்டர், அவசரம்” என்று அதில் எழுதியிருக்கிறது. மேசையில் அமர்ந்திருக்கும் குமாஸ்தா மூன்று கடைகளில் விலை கேட்கிறார். குறைந்த விலைக்குக் கையெழுத்தாகிறது. மூன்றாம் நாள் வடம் வந்து உருளையில் ஏறிவிடுகிறது. அந்த வடத்தில் தொங்கும் இயந்திரத்தை அணைத்துப் பிடித்து இறக்கும் காலாசி அந்தச் சீட்டையும் பார்த்ததில்லை, அந்த விலைப்பட்டியலையும் பார்த்ததில்லை.

மும்பை, தாணே, புணே வட்டாரத்து ஆலைகளில் அந்தக் குமாஸ்தாவும் தமிழராக இருக்கலாம், அந்தக் காலாசியும் தமிழராக இருக்கலாம். விடுமுறைக்கு ஒரே ரயிலில் ஊருக்குப் போய் வருகிறவர்களாகவும் இருக்கலாம். ஆனால் வடம் வாங்கும் விஷயத்தில் மட்டும் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. பேச வேண்டும் என்ற ஏற்பாடே பல இடங்களில் கிடையாது. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் அந்த ‘அரை இஞ்சு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். அரை இஞ்சு என்பது 12.7 மி.மீ. கடையில் இருப்பதோ 12 மி.மீ. வடமும் 13 மி.மீ. வடமும். “அரை இஞ்சு என்றால் பன்னிரண்டுதானே” என்று 12-ஐக் கொடுத்துவிடுவார்கள். முக்கால் மில்லிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். வடத்தின் பலம் அதன் விட்டத்தோடு ஏறுவதில்லை. விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. அந்த முக்கால் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பலம் போய்விடுகிறது. பில்லில் அது தெரியாது.

அளப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வடத்தின் குறுக்கே வெர்னியரை வைக்கும்போது, எதிரெதிரே இருக்கும் இரண்டு புரிகளின் முதுகில் அதன் தாடைகள் படும்படி, எங்கே அகலம் அதிகமோ அங்கே வைத்து அளக்க வேண்டும். இரண்டு புரிகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் வைத்தால் அளவு குறைவாகக் காட்டும்.

புரியும் கருவும்

ஊரில் தேர் வடம் பிடித்தவர்களுக்குப் புரி என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. கம்பி வடத்திலும் அதே கதைதான். மெல்லிய எஃகுக் கம்பிகளைச் சேர்த்து முறுக்கினால் புரி; புரிகளை ஒரு கருவைச் சுற்றி முறுக்கினால் வடம். 1834-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற சுரங்க அதிகாரி இதைச் செய்து பார்த்தார். அதுவரை அங்கே சணல் கயிறும் இரும்புச் சங்கிலியும்தான். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் எல்லாம் போயிற்று. விடுவதற்கு முன் அது எதுவும் சொல்லாது. ஆல்பர்ட் திரித்த வடத்தில் மூன்று புரிகள், புரிக்கு நான்கு கம்பிகள். ஒரு கம்பி அறுந்தால் மற்றவை தாங்கும். அறுந்த முனை வெளியே நீட்டிக்கொண்டு, பார்ப்பவருக்கு எச்சரிக்கையும் தரும். கம்பி வடத்தின் மேன்மை முழுவதும் அந்த எச்சரிக்கையில் இருக்கிறது. பார்க்கிறவர் இருந்தால்!

இன்றைக்குச் சாதாரணமாகக் கிடைப்பவை ஆறு புரி வடங்கள். 6×19 என்றால் ஆறு புரி, புரிக்குப் பத்தொன்பது கம்பி வகை. 6×36 என்றால் புரிக்கு முப்பத்தாறு. ஒரே விட்டத்துக்குள் பத்தொன்பது கம்பிகளை அடைத்தால் ஒவ்வொன்றும் பருமனாக இருக்கும். அது உராய்வைத் தாங்கும், ஆனால் விறைப்பானது. முப்பத்தாறு கம்பிகள் என்றால் ஒவ்வொன்றும் மெல்லியது. அது நன்றாக வளையும். ஆனால் உரசினால் சீக்கிரம் தேயும். தரையில் உரசி இழுபடும் வின்ச்சுக்கு முதல் வகை பொருந்தும். சிறு கப்பிகளில் நாளெல்லாம் ஓடித் திரும்பும் கிரேனுக்கு இரண்டாவது வகைதான் வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டால் இரண்டும் பாழ். சின்னக் கப்பியில் விறைப்பான வடம் ஓடினால், ஒரு கம்பியைக் கையால் முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பது போலத்தான் அந்தக் கப்பி அதை ஒடிக்கும். நாள் மட்டும் கூடுதலாகும்.

கருவிலும் இரண்டு வகை. நார்க் கரு எண்ணெயை உறிஞ்சி வைத்திருந்து உள்ளிருந்தே கம்பிகளுக்குக் கொடுக்கும். வடம் மெத்தென்று வளையும். ஆனால் உலைக்கு அருகே, உருக்கிய உலோகம் சுமக்கும் கிரேனில் அதைப் போட்டால் உள்ளே நார் காய்ந்து கருகிவிடும். வெளியே பளபளப்பு மட்டும் மிச்சம். அங்கே எஃகுக் கருதான் வேண்டும். உருளையில் பல அடுக்காகச் சுற்றி நசுங்கும் இடத்துக்கும் அதுவே நல்லது.

முறுக்கைப் பற்றிச் சீட்டில் யாரும் எழுதுவதே இல்லை. கம்பி முறுக்கிய திசையும் புரி முறுக்கிய திசையும் எதிரெதிராக இருப்பது சாதாரண முறுக்கு. இரண்டும் ஒரே திசையில் ஓடுவது லாங் முறுக்கு. லாங் வடம் தேய்மானத்தை நன்றாகத் தாங்கும் என்று கேட்டு, அதைக் கொக்கியில் தனியாக எடை தொங்கும் இடத்தில் போட்டுவிட்டால் எடை சுழன்று வடத்தின் முறுக்கே பிரிந்துவிடும். உயரமான கட்டடத்தில் ஒற்றை வடத்தில் எடை ஏற்றுகிறார்கள் என்றால் சுழலா வடம் என்று தனியாக ஓர் இனம் இருக்கிறது. அதைத்தான் கேட்க வேண்டும். லிப்ட் வடமோ முற்றிலும் வேறு சாதி. அதற்கு ஐ.எஸ். 2365 என்று தனி இந்தியத் தரமே உண்டு. பொதுப் பொறியியல் வேலைக்கான ஐ.எஸ். 2266 வடத்தை “மிச்சம் கிடக்கிறதே” என்று எடுத்து லிப்டில் மாட்டுவது பெருங்குற்றம். கடற்காற்றிலும் மழையிலும் கிடக்கும் துறைமுக வேலைக்குத் துத்தநாகம் பூசிய வடம் வாங்குவதும் ஆடம்பரம் ஆகாது.

இத்தனையும் ஒரே தடிமனில், ஒரே கடையில், ஒரே அலமாரியில் இருக்கும். கத்தரிக்காய் வாங்கினாலும் காம்பைப் பார்த்து வாங்கும் மனிதர்கள், வடத்தை மட்டும் தடிமனைச் சொல்லி வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

ஒன்பது டன் வடம்

12 மி.மீ. தடிமனில், எஃகுக் கருவுள்ள 6×36 வடம், 1770 தரக் கம்பியில் செய்தது, ஏறத்தாழ ஒன்பது டன்னில் அறும். அப்படியானால் ஆறு டன்னாவது தூக்கலாமே என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிலிங் வேலைக்கு ஐந்தில் ஒரு பங்குதான் கணக்கு. அதாவது இரண்டு டன்னுக்கும் சற்றுக் குறைவு. மிச்ச நான்கு பங்கு வீண் என்று நினைப்பது தவறு. கிரேன் வெட்டென்று கிளம்பும்போது ஏறும் பாரம், கப்பியில் வளையும் நலிவு, தேய்மானம், துரு, முனையில் போட்ட கிளிப் தின்னும் பலம் எல்லாவற்றுக்கும் அந்த நான்கு பங்கிலிருந்துதான் செலவாகிறது. முனையில் போடும் கிளிப்புகள் சரியாகப் போட்டாலே வடத்தின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். தலைகீழாகப் போட்டால், யு வடிவ ஆணி எடை தாங்கும் பக்கத்தையே நசுக்கும். அப்போது கணக்கே இல்லை.

இதைவிட மோசமாக ஏமாற்றுவது சிலிங்கின் கோணம். இரண்டு கால் சிலிங்கில் ஒரு டன் எடை தொங்கினால் காலுக்கு அரை டன் என்றுதான் எவருக்கும் தோன்றும். இரு கால்களும் நேராகத் தொங்கினால் அது சரி. கால்களுக்கு நடுவே 90 பாகை விரிந்தால் ஒவ்வொரு காலும் 700 கிலோவுக்கு மேல் தாங்குகிறது. 120 பாகை விரிந்தால் ஒவ்வொரு காலிலும் முழு ஒரு டன்! சிலிங் நீளம் போதாமல் அகட்டி மாட்டும் இடங்களில் எல்லாம் நடப்பது இதுதான். ஒரு மீட்டர் கூடுதலாக வாங்கியிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம். அந்த ஒரு மீட்டரை மிச்சம் பிடித்ததாகக் கோப்பில் எழுதியிருப்பார்கள்.

வடத்தை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாநிலமே சாட்சி. குஜராத்தின் மோர்பி நகரில் மச்சு நதியின் மேல் இருந்த தொங்கு பாலம் 2022 அக்டோபர் 30 அன்று அறுந்து விழுந்தது. 135 பேர் மாண்டார்கள். பழுது பார்த்துத் திறந்து நான்கே நாட்கள் ஆகியிருந்தன. பழைய மரப்பலகைகளை எடுத்துவிட்டுப் புதிய அலுமினியத் தளம் போட்டிருந்தார்கள். தாங்கி நின்ற பழைய வடத்தை மாற்றவில்லை. மாநில அரசு அமைத்த விசாரணைக் குழு அறுந்த வடத்தைப் பார்த்தபோது, அதன் ஏழு புரிகளில் இருந்த 49 கம்பிகளில் 22 முன்பே துருவேறிப் போயிருந்தது தெரிந்தது. அதாவது, பாலத்தின் மேல் மக்கள் ஏறுவதற்கு முன்பே ஏறத்தாழ பாதி வடம் இல்லை. அது தொழிற்சாலை அல்ல. ஆனால் வடத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. கண்ணுக்குத் தெரியும் தளத்துக்குப் பணம் செலவழித்துவிட்டு, தாங்கும் வடத்தை அப்படியே விட்ட புத்தி பல ஆலைகளிலும் இருக்கிறது.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 29-ஆவது பிரிவில் இதையெல்லாம் அப்போதே விதித்தது. தூக்கும் இயந்திரமும் கயிறும் போதிய பலம் உள்ளவையாக இருக்க வேண்டும்; தகுதியுள்ளவர் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது முழுமையாகச் சோதிக்க வேண்டும்; எவ்வளவு தூக்கலாம் என்பதை எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும். பழைய சட்டங்களைத் திரட்டி 2020-இல் புதிய சட்டத்தொகுப்பு இயற்றப்பட்டது. சட்டத்தின் பெயர் மாறினாலும் வடத்தின் குணம் மாறவில்லை. ஆண்டுக்கு ஒரு சோதனை என்பது சட்டம் கேட்கும் குறைந்தபட்சம். இரண்டு ஷிப்ட் ஓடும் கிரேனில் தவறான வடம் மாட்டினால் அது ஆண்டுச் சோதனைக்குக் காத்திருக்காது. பழனி மலையில் ரோப் காரைப் பராமரிப்புக்காக நிறுத்திவிட்டார்கள் என்று, ஊருக்குப் போன இடத்தில் முணுமுணுத்தவர்கள் உண்டு. நிறுத்திப் பார்க்கிறார்களே என்று சந்தோஷப்பட வேண்டிய விஷயம் அது.

யார் கையில் இருக்கிறது?

சிறு பட்டறைக்காரர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள். புது வடம் வாங்கக் கட்டுப்படியாகவில்லை, ரே ரோடு ரயில் நிலையத்தை அடுத்த தாருகானாவில் உடைத்த கப்பலின் வடம் எடைக்குக் கிடைக்கிறது, மேலே கிரீஸ் தடவினால் புதிது போல இருக்கிறது என்பார்கள். அவர்களுடைய கஷ்டம் பொய் அல்ல. ஆனால் வடத்தின் துரு உள்ளிருந்துதான் தொடங்கும். கிரீஸ் அதை மறைக்கத்தான் செய்யும். எத்தனை ஆண்டு எந்தக் கடலில் என்ன சுமந்தது என்று எவரும் சொல்ல முடியாத வடத்துக்குப் பாதுகாப்பு எடை என்று ஒரு கணக்கே போட முடியாது. வேலி கட்டவும் பந்தல் இழுக்கவும் வேண்டுமானால் அதை வாங்கிக்கொள்ளட்டும். ஆள் நடமாடும் இடத்தில் எடை தூக்க அது ஆகாது.

பெரிய ஆலைகளுக்கு அந்தச் சமாதானமும் கிடையாது. அங்கே குறை பணத்தில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. கொள்முதல் சீட்டில் பொருள், அளவு, எண்ணிக்கை என்று மூன்று கட்டங்கள். குமாஸ்தா அந்த மூன்றைத்தான் நிரப்ப முடியும். குறைந்த விலையைத் தள்ளி அடுத்ததை எடுத்தால், ஏன் என்று தணிக்கையில் கேட்பார்கள்; பதில் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்காது. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சீட்டை மாற்ற வேண்டும். வடத்துக்கென்று தனிச் சீட்டு வேண்டும். மில்லிமீட்டரில் விட்டம், புரிக் கணக்கு, கரு, கம்பியின் தரம், முறுக்கு, பூச்சு, எந்த இயந்திரத்தில் எந்தக் கப்பிக்கு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கிரேன் ஓட்டுபவரோ மூத்த காலாசியோ பார்த்துக் கையெழுத்திட ஓர் இடமும் வேண்டும். இதற்கு முன் போட்ட வடம் எத்தனை மாதம் உழைத்தது, எந்த இடத்தில் முதலில் கம்பி விட்டது என்பது அவருக்குத்தான் தெரியும். எந்தப் பொறியாளரின் புத்தகத்திலும் அது இல்லை.

அந்தச் சீட்டு இருந்தால் நாக்தேவித் தெருவின் மூன்று கடைகளும் ஒரே பொருளுக்கு விலை சொல்வார்கள். இப்போது நடப்பது அது அல்ல. ஒருவர் நார்க் கரு வடத்துக்கும், ஒருவர் எஃகுக் கரு வடத்துக்கும், ஒருவர் தரம் குறைந்த கம்பிக்கும் விலை சொல்கிறார்கள். மூன்றையும் ஒரே வரிசையில் எழுதிக் குறைந்ததை எடுக்கிறார்கள். வடம் வந்து இறங்கும்போது தயாரிப்பாளரின் சோதனைச் சான்றிதழும் வர வேண்டும். அதில் உள்ள எண்ணும் சுருளில் கட்டிய தகட்டின் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பில்லில் கையெழுத்து. அதைப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. பொறியியல் படிப்பும் வேண்டாம். சான்றிதழின் நகல் கிரேன் ஓட்டுபவர் கைக்கும் போக வேண்டும்.

கழிக்கும் வடத்துக்கும் ஒரு ஏற்பாடு தேவை. விட்டம் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தது, முறுக்கு பிரிந்து கூண்டு போலப் புடைத்தது, ஒரு முறை மடிந்து முடிச்சு விழுந்தது, ஒரே இடத்தில் பல கம்பிகள் அறுந்தது என்றால் அதைக் கழித்துவிட வேண்டும். கழித்ததை முழு நீளமாகச் சுருட்டி ஏலம் விடுகிறார்கள். பழைய இரும்பு விலையைவிட இரண்டு காசு கூடக் கிடைக்கிறது என்பதற்காக. அது தாருகானா போய், கிரீஸ் பூசி, இன்னொரு பட்டறையின் வின்ச்சில் ஏறிவிடுகிறது. ஸ்டோரில் வெல்டிங் இருக்கிறது. கழித்த வடத்தை அன்றைக்கே ஒரு மீட்டர் துண்டுகளாக வெட்டி, அதன் பிறகே கேட்டுக்கு வெளியே அனுப்ப வேண்டும்.